காப்புக் கையோடு ஓடிய மகள்

என் மூத்த மகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது யார் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கு வந்த மத்தியானச் சோறுதான் கற்றுக்கொடுத்தது.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஸ்டோரில் வேலை செய்தேன். தேயிலை அரைக்கும் ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து ரோட்டால் போனால் ஸ்டோர் ஒரு மைல். தேயிலைக்குள் குறுக்கே இறங்கினால் அதில் பாதிதான், ஆனால் ஏழு கான் தாண்ட வேண்டும். மழைத் தண்ணீர் வடிய வெட்டிவைத்த வாய்க்கால்கள் அவை. பெரியவர்களே கையை ஊன்றி இறங்கித்தான் ஏறுவார்கள். என் மகள் ஏழு வயதிலிருந்து அந்த ஏழு கானையும் தாவித்தான் எனக்குச் சோறு கொண்டுவருவாள். தோட்டப் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடி, தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடிவருவாள். ஸ்டோர் சங்கு ஊதும்போது லயத்து வாசலில் நிற்பாள். நான் கை கழுவித் திரும்பும்போது என் முன்னால் நிற்பாள். குழம்பு ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது.

“ஒங்க வீட்டுல சோத்த தூக்கி வீசுனா இங்க வந்து விழும் போலருக்கே” என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

“வீசல மாமா, நான்தான் கொண்டாந்தேன்” என்று அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பதில் சொல்வாள்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷத்தில் பிறந்தவள் அவள். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டில் குடியுரிமைக் கடுதாசி இல்லை என்று சட்டம் வந்ததும் அதே வருஷந்தான். அதைப் பற்றிப் பேச எனக்குப் படிப்புப் போதாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அம்மன் ஒரு கையால் மூடினதை இன்னொரு கையால் திறந்து காட்டினாள் என்று மட்டும் சொல்வேன்.

மகளுக்கு ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பூண்டுலோயா பஜாரில் உள்ள பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். போக மூன்று மைல், வர மூன்று மைல். அங்கே விளையாட்டுக்கு ஒரு டீச்சர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவ்வளவு தூரத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை மட்டும் எப்போதும் மணி அடிக்குமுன் வந்து நிற்பதைப் பார்த்து, எப்படி வருகிறாய் என்று கேட்டாராம். “ஓடி வர்றேன் டீச்சர்” என்றாளாம். அன்றைக்கே அவளைப் பந்தயக் கோட்டில் நிறுத்திப் பார்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. நூறு யார் தூர ஓட்டம், நீளம் பாய்தல், உயரம் பாய்தல், குண்டு போடுதல், வலைப்பந்து என்று எதில் விட்டாலும் ஆடினாள். சிங்களப் பிள்ளைகளோடு எல்லே என்ற மட்டைப்பந்து ஆட வேண்டுமென்றால் அதற்கும் முதல் ஆளாய் நிற்பாள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையை மட்டையாகச் செதுக்கி லயத்துப் பிள்ளைகளுக்கும் எல்லே பழக்கினாள். வலைப்பந்துக்கு வளையம் வேண்டுமென்று என் மனைவியின் கொழுந்துக் கூடையைச் சவுக்கு மரத்தில் கட்டிவிட்டாள்.

“பழைய கூடைம்மா. அடி பிஞ்சு போச்சு” என்றாள்.

என் மனைவி கூடையைத் திருப்பிப் பார்த்தாள். “பிஞ்ச கூடைக்கு அருவா வெட்டு எப்புடிடி வந்துச்சு?”

மகள் அப்போதே அடுத்த லயத்துக்கு ஓடிவிட்டாள். பிடிக்கத்தான் யாராலும் முடியாதே.

லயத்தில் பேச்சும் இருந்தது. வயசுக்கு வந்த பெண் முழங்காலுக்கு மேலே உடுத்து ஓடுகிறதே என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சிலர் முணுமுணுத்தார்கள். என் மனைவி குடத்தை இறக்கிவைத்துவிட்டு, “மலையில கொழுந்து எடுக்கறப்ப நாம எல்லாம் சேலையத் தூக்கிச் செருகிப் படங்குச் சாக்கு கட்டிக்கிட்டு எப்புடி நிக்கிறோம்? அதை எந்த மகராசன் பாக்காம இருக்கான்? எம்புள்ள நிக்கல, ஓடுது. பாக்கறதுக்குள்ள போயிரும்” என்றாளாம். அதோடு பேச்சு நின்றது.

அவளுக்குப் பதினைந்து வயது நடக்கும்போது, நுவரெலியாவில் பெரிய போட்டிக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைத் தெரிவு செய்தார்கள். பல ஊர்ப் பள்ளிக்கூடங்கள் வரும் போட்டி. சித்திரை மாதமே கடிதம் வந்துவிட்டது. ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை என்று அவள் எனக்கு வாசித்துச் சொன்னாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றே எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், “தாயே, இந்தத் திருவிழாவுக்கு எம்மகள் காப்புக் கட்டிப் பால்குடம் எடுப்பா. நீ கூட நின்னு அவளை ஜெயிக்க வைக்கணும்” என்று வேண்டிக்கொண்டேன். திருவிழா வைகாசிக் கடைசிச் சனிக்கிழமை. வைகாசி முடிந்த பிறகுதானே ஜூன் வரும், நேர்த்திக்கடன் முடித்துவிட்டே போட்டிக்குப் போகலாம் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

தமிழ் மாதமும் இங்கிலீஸ் மாதமும் ஒரே நாளில் பிறப்பதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. வைகாசியில் பாதி ஜூனில்தான் கிடக்கிறது. ஆனால் கோயில் காரியத்துக்கு ஒரு நாட்காட்டி, பள்ளிக்கூடத்துக்கும் சம்பளத்துக்கும் ஒரு நாட்காட்டி என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். எங்கள் பூசாரி என் மனைவியின் அண்ணன். மற்ற நாட்களில் கவ்வாத்து வெட்டுகிறவர், திருவிழா வந்துவிட்டால் எங்களையே தெரியாதவர் போல நடப்பார். மஞ்சள் துண்டு கோத்த நூலை என் மகளின் வலது மணிக்கட்டில் கட்டி முடிச்சுப் போட்டார். எங்கள் தோட்டத்துக் கட்டுப்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். காப்புக் கட்டியவர்கள் அதை அவிழ்க்கும்வரை ஆற்றுப் பாலத்தைத் தாண்டக் கூடாது. பாலந்தான் எங்கள் எல்லை. பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்பதால் புதன்கிழமையிலிருந்து அவள் வீட்டில் நின்றாள். சாயங்காலம் பார்த்தால் கான்களைத் தாவிக்கொண்டிருப்பாள். முகத்தில் சிரிப்பைத்தான் காணவில்லை. விரதம் இருப்பதால் சோர்வு என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் டீச்சர் நடந்தே லயத்துக்கு வந்துவிட்டார்.

“பிள்ளை ரண்டு நாளாப் பள்ளிக்கூடம் வரேல்லை. சுகமில்லையோ எண்டு பாக்க வந்தனான். சனிக்கிழமை போட்டியெல்லோ?”

“அது அடுத்த சனிக்கிழமைதானேங்க டீச்சர்?” என்றேன்.

“ஆர் சொன்னது? இந்தச் சனிக்கிழமை. நாளைக்கு விட்டு அடுத்த நாள்.”

ஸ்டோரில் தொங்கிய நாட்காட்டியில் இரண்டு தேதியும் போட்டிருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வைகாசிக் கடைசிச் சனிக்கிழமைக்குப் பக்கத்திலேயே ஜூன் என்று அச்சடித்திருந்தது. ஜெயிக்க வேண்டுமென்று அம்மனிடம் கேட்ட நானே பிள்ளையை எல்லைக்குள் கட்டிப்போட்டிருந்தேன்.

“ஒனக்குத் தெரியுமா?” என்று மகளைக் கேட்டேன்.

“தெரியும்ப்பா.”

“ஏன் சொல்லல?”

“நீங்க ஆசையா நேந்துகிட்டீங்க. ஆத்தா முன்னாடி வச்சு எப்புடி இல்லைன்னு சொல்றது?” என்று காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். டீச்சர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மச்சானிடம் ஓடினேன். கோயில் படியில் உட்கார்ந்து வேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அவுக்க முடியாது. கட்டுன காப்பு கட்டுனதுதான்” என்றார்.

“கட்டிக்கிட்டே போயிட்டு வந்தா?”

“பாலம் தாண்டக் கூடாது. நான் சொல்லல மச்சான், வழிவழியா வந்தது.”

பின்னாலேயே வந்த என் மனைவி, “ஏண்ணே, ஆத்தாளும் ஒரு பொம்பளைதானே? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாரேன்” என்றாள்.

அவர் எழுந்தார். விளக்கேற்றி, சூடம் காட்டி, அம்மன் தலையில் இரண்டு பக்கமும் பூ வைத்தார். வலது பக்கத்துப் பூ விழுந்தால் உத்தரவு, இடது விழுந்தால் இல்லை. டீச்சரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “விழுந்திருச்சு” என்று மனைவியின் குரல் கேட்டபோது கண்ணைத் திறந்தேன். வலது பக்கம்.

வீட்டுக்கு வரும்போது மனைவி என் காதில், “எங்கண்ணன் பெருமூச்சு விட்டதுலதான் விழுந்துச்சு” என்றாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெருமூச்சு விடவைத்ததும் அம்மன்தானே.

ஆனால் மச்சான் ஒரு நிபந்தனை போட்டார். சனிக்கிழமை விடியும்போது பாலத்தடியில் எங்களுக்காக நின்றார். கோயில் வாசல் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, மகளின் சடை நுனியில் ரிப்பனோடு சேர்த்துக் கட்டினார்.

“இந்த மண்ணு ஒன்கூட இருக்கற வரைக்கும் நீ தோட்டத்துக்குள்ளதான் இருக்கற. பொழுது சாய ஆத்துல கரகம் ஜோடிச்சிருவோம். கரகம் கெளம்பறதுக்குள்ள நீ பால்குடத்தோட இங்க நிக்கணும். நிக்கலைன்னா அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

“நின்னுருவேன் மாமா” என்றாள். பாலத்தைத் தாண்டும்போது நான்தான் நின்று ஒரு கும்பிடு போட்டேன். அவள் கால் அப்போதே ஓடிக்கொண்டிருந்தது.

பஜாரில் டீச்சரோடும் மற்றப் பிள்ளைகளோடும் பஸ் ஏறினோம். நுவரெலியா மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். புல்லுக்கு யாரோ தினமும் தலைவாரிவிடுவது போல இருந்தது. சப்பாத்துப் போட்ட பிள்ளைகள், வெள்ளைக் காலுறை, குடை பிடித்த பெரிய வீட்டு அம்மாமார், எங்கள் பேச்சில் நோனாமார். என் மகள் வெறுங்காலில் நின்று காலால் புல்லைத் தடவிப் பார்த்தாள்.

“மெத்தை மாதிரி இருக்குப்பா. கானே இல்ல” என்றாள்.

விசில் தொங்கவிட்ட ஒரு பருத்த நோனா வரிசையைப் பார்வையிட்டு வந்தார். மகளின் கையைப் பிடித்து, இது என்ன, நகை போட்டு ஓடக் கூடாதே என்று சிங்களத்தில் கேட்டார். டீச்சர் தூரத்தில் நின்றார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், “நூல, நோனா. தேவாலெ நூல” என்றேன். கோயில் நூல் என்று சொன்னேன். அந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தை மேலே தள்ளிக் காட்டினார். அடியில் வெள்ளை நூல் ஒன்று, பன்சலை என்ற புத்தர் கோயிலில் பிரித் மந்திரம் ஓதிக் கட்டியது. “மேக்கத் நூலக்” என்றார். இதுவும் நூல்தான் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

நூறு யாரில் முதலாவது வந்தாள். நீளம் பாய்தலிலும் முதலாவது. அவள் பாய்ந்து விழுந்த இடத்தை அளக்கப் போனவர்கள் நாடாவை மறுபடி இழுத்து அளந்தார்கள். உயரம் பாய்தலில் ஒரு நெட்டைப் பிள்ளை அவளை முந்திவிட்டது. “அந்தக் காலு எனக்கு இருந்தா நான் கூரையவே தாண்டிருவேன்” என்று என் மகள் சொன்னாள். அந்தப் பிள்ளையோடேயே உட்கார்ந்து தன் விரதச் சோற்றுப் பொட்டலத்தைப் பகிர்ந்து சாப்பிட்டாள்.

கடைசியாக அஞ்சலோட்டம். நான்கு பேர் ஓட வேண்டும், கடைசி ஆள் என் மகள். அது தொடங்கும் நேரத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. மைதானத்தின் அந்தப் பக்கம் தெரியவில்லை. கொஞ்சம் விலகட்டும் என்று நிறுத்திவைத்தார்கள். பூண்டுலோயாவுக்கு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் பொழுதுக்குள் ஆற்றங்கரைக்குப் போகலாம். மணி மூன்றாக இன்னும் கொஞ்சந்தான் இருந்தது, பனியோ விலகவில்லை.

மகள் என்னிடம் வந்தாள். கையில் பையை எடுத்துவிட்டாள்.

“போவோம்ப்பா. மாமா காத்துக்கிட்டு இருப்பாரு.”

அவளுக்குப் பின்னால் மற்ற மூன்று பிள்ளைகளும் நின்றார்கள். ஒருத்தி அஞ்சல் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சரும் இரு என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டார். அன்றைக்குப் பூ வைத்துப் பார்த்தபோது அவரும் நின்றாரே.

நான் அம்மனை நினைத்தேன். கேட்டது நான், கொடுத்துக்கொண்டிருப்பது அவள். பாதியில் எழுந்து போவது எப்படி மரியாதையாகும் என்று ஓர் எண்ணம் வந்தது. அதற்குமேல் யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

“பைய வையி. காப்புக் கட்டச் சொன்னது நான். குத்தம்னா எனக்கு வரட்டும். நீ ஓடு” என்றேன்.

மூன்று மணி பஸ் போன சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் வெடி போட்டார்கள். முதல் பிள்ளைகள் ஓடிப் பனிக்குள் மறைந்தார்கள். நான் நின்ற இடத்தில் காலடிச் சத்தமும் அந்தப் பக்கத்துக் கூச்சலுந்தான் கேட்டன. யார் முன்னால், யார் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. நான் கைகூப்பியபடி வெள்ளைப் பனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வளைவில் பனி கிழிந்தது. முதலில் வந்தது ஒரு மஞ்சள் நூல் கட்டிய கை. பின்னால் வந்தவர்களை நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

பூண்டுலோயாக் கடை ஒன்றுக்குக் கோவா என்ற முட்டைக்கோஸ் ஏற்றிப்போகும் லொறி ஒன்றை டீச்சர் பிடித்துத் தந்தார். டீச்சர் முன்னால் ஏறினார். நானும் நான்கு பிள்ளைகளும் கோவாவின் மேல் உட்கார்ந்து வந்தோம். என் மகளுக்குப் பரிசாகக் கொடுத்த கிண்ணத்தை மடிக்கு மடி மாற்றிப் பாட்டுப் பாடினார்கள். என் மகளும் பாடினாள், ஆனால் வளைவுக்கு வளைவு வெயில் எவ்வளவு இருக்கிறதென்று மலையுச்சியைப் பார்ப்பாள்.

பஜாரில் இறங்கும்போது வெயில் உச்சிப் பாறையில் மட்டுந்தான் இருந்தது. ரோட்டால் போனால் பாலத்துக்குச் சுற்றுவழி. பக்கத்துத் தோட்டத்து மலை ஏறி இறங்கினால் குறுக்கு.

“அப்பா, நீங்க மெதுவா வாங்க” என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தாள். அவ்வளவுதான்.

நானும் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஏறினேன். உச்சிக்கு வந்தபோது கீழே ஆறு தெரிந்தது. பாலத்தடியில் மஞ்சள் சேலைக் கூட்டம். தப்புச் சத்தம் மேலே வந்தது. கூட்டத்துக்கும் எனக்கும் நடுவே, பச்சைத் தேயிலைக்குள் வெள்ளைச் சட்டை ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கான் வரும் இடத்தில் மேலே எழும்பும், மறுபடி தேயிலைக்குள் மறையும். நுவரெலியாவில் நான்கு போட்டி பார்த்தேன். ஆனால் என் மகள் ஓடினதை நான் முழுசாகப் பார்த்தது அன்று அந்த மலையிலிருந்துதான்.

அவள் பாலத்தில் கால் வைத்தபோது குலவைச் சத்தம் எழும்பியது. நான் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

நான் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஆற்றில் முழுகி, ஈரச் சட்டைக்கு மேலேயே மஞ்சள் சேலையைச் சுற்றிக்கொண்டு, தலையில் பால்குடத்தோடு நின்றாள். இன்னும் மூச்சு வாங்கியது. குடத்தில் பால் சிந்தவில்லை.

மனைவி பிறகு நடந்ததைச் சொன்னாள். மச்சான் கரகத்தை எப்போதோ ஜோடித்து முடித்துவிட்டாராம். பிறகு பூ சரியில்லை என்று பிரித்திருக்கிறார். மறுபடி கட்டி, வேப்பிலை வாடிப்போச்சு என்று பிரித்திருக்கிறார். மூன்றாவது தடவை, தப்படிக்கிறவர்களே அலுத்துப்போய், “பூசாரி, கரகம் கட்டுறீங்களா, கட்டப் பழகுறீங்களா?” என்று கேட்டார்களாம்.

“ஆத்தா இன்னைக்கு நல்லா ஜோடிச்சுக்கணுங்கறா. நான் என்ன செய்ய?” என்றாராம், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் தண்ணீர் முடிந்து, ஆற்றங்கரையில் காப்பு அவிழ்த்தார்கள். மகளின் கையிலிருந்த நூலை மச்சான் அறுத்து ஆற்றில் விட்டார். பிறகு கையை நீட்டினார்.

“மண்ணு எங்க? கோயில் மண்ணக் கோயில்லயே சேக்கணும்.”

மகள் சடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரிப்பன் மட்டுந்தான் இருந்தது.

“விழுந்திருச்சு மாமா.”

“எங்க?”

“அஞ்சலோட்டத்துல. கடைசி வளைவுல முடிச்சு அவுந்தது தெரிஞ்சுச்சு. நின்னு எடுத்தா தோத்துருவோம். அதான் ஓடிட்டேன்.”

மண் கூட இருக்கிற வரைக்குந்தான் எல்லைக்குள் இருக்கிறாய் என்று சொன்னவர் அவர். அங்கிருந்து பாலம்வரை அவள் வந்தது எந்தக் கணக்கில் சேரும்? மச்சான் நீட்டிய கையை ஆற்றில் நனைத்துக்கொண்டார். பிறகு அவர் வாயோரம் சிரிப்பு வந்தது. திருவிழாக் காலத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

“அப்ப ஆத்தா அங்க எறங்கிட்டா. சரி விடு. அடுத்த வருஷம் போறப்ப யாருகிட்டயும் உத்தரவு கேக்க வேணாம். அந்த வளைவு வரைக்கும் நம்ம எல்லைதான்.”

அடுத்த வருஷமும் போனாள். அதற்கடுத்த வருஷமும் போனாள். வலைப்பந்தில் பள்ளிக்கூடத்துக்குத் தலைவியாகிக் கொழும்புவரை போய் ஆடிவிட்டு வந்தாள். பிறகு ஹட்டன் பக்கம் கட்டிக்கொடுத்தோம். இப்போது அவள் பிள்ளைகள் அவளை விரட்டுகின்றன. கிண்ணம் எங்கள் சாமி மாடத்தில் இருக்கிறது. அதில்தான் திருநீறு போட்டு வைத்திருக்கிறோம்.

நுவரெலியா மைதானத்தில் அவள் ஓடிய ஒவ்வொரு முறையும், போட்டி தொடங்குமுன் அந்தக் கடைசி வளைவுக்கு நடந்து போவாள். குனிந்து புல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். விசில் போட்ட நோனாவும் அதைப் பார்த்து ஒன்றும் கேட்கமாட்டார். நான் வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன்.